லோ வோல்டேஜில் ஹீட்டர் ராடு சீக்கிரம் சுட வைக்குமா? கணக்கு இடிக்கிறது

வாளித்தண்ணீர்:
வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, ஜூல் வெப்ப விதி (மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை = நொடிக்கு வரும் வெப்பம், வாட்டில்) நடக்கிறது. வீட்டு ஹீட்டர் ராடை வைத்தே கணக்குப் போட்டோம். ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது; மின்தடை 230² ÷ 1500 = 35.3 ஓம். 20 லிட்டர் தண்ணீர், 28 டிகிரியிலிருந்து 48 வரை: ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல், ஆக 20 × 4.2 × 20 = 1680 கிலோஜூல். சுமார் 19 நிமிடம் ஆக வேண்டும். ஆனது 28.

காலையில் இங்கே லோ வோல்டேஜ், மல்டிமீட்டர் 200 காட்டியது. சரி, அதற்கும் போட்டோம்: 1500 ÷ 200 = 7.5 ஆம்பியர், 7.5² × 35.3 = சுமார் 1985 வாட். அப்படியென்றால் 14 நிமிடத்திலேயே சுட்டிருக்க வேண்டுமே! எங்கே தப்பு?

பௌதிக டீச்சர்:
அந்த 7.5-இல். 1500 வாட் என்பது 230 வோல்ட் கொடுத்தால்தான். ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பிக்கு வாட் கணக்கெல்லாம் தெரியாது. அதனிடம் பெரிதாக மாறாமல் இருப்பது 35.3 ஓம் மட்டுமே. 200 ÷ 35.3 = 5.67 ஆம்பியர். 5.67² × 35.3 = சுமார் 1134 வாட். உங்கள் கணக்கிலேயே துப்பு இருந்தது: 200 × 7.5 போட்டால் 1500, வர்க்கம் போட்டால் 1985. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் எங்கோ பிசகு.

வாளித்தண்ணீர்:
நன்றி டீச்சர். இப்போது 24.7 நிமிடம் வருகிறது. மீதி 3 நிமிடத்தை வாளி குடித்துவிட்டதா?

பழைய வயர்மேன்:
200 என்பது ராடு போடும் முன் பார்த்ததா, ஓடும்போதா சார்?

வாளித்தண்ணீர்:
முன்னால். இன்று ஓடும்போது பக்கத்து சாக்கெட்டில் பார்த்தேன், 192.

பழைய வயர்மேன்:
அப்படிச் சொல்லுங்கள். 192² ÷ 35.3 = சுமார் 1044 வாட், கிட்டத்தட்ட 27 நிமிடம். மிச்சம்தான் வாளிக்கும் காற்றுக்கும். ஆனால் விழுந்த அந்த 8 வோல்ட்? 8 × 5.4 = 43 வாட், வழியிலுள்ள வயரிலும் இணைப்புகளிலும் வெப்பமாகப் போகிறது. அது போக, பிளக் சுடுகிறதா?

வாளித்தண்ணீர்:
சுடுகிறது. சின்ன 6 ஆம்பியர் சாக்கெட். ஒரு ஓட்டை ஓரம் லேசாகக் கருத்திருக்கிறது.

பழைய வயர்மேன்:
இனி அதில் போடாதீர்கள். வோல்டேஜ் சரியாக இருக்கும் நாளில் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள், போர்டு வரை வரும் வயர் தாங்குமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். லூஸ் கான்டாக்ட்டில் தடை கூடும், சூடும் கூடும்.

வாளித்தண்ணீர்:
மகள் மடக்குகிறாள்: ராடின் தடை கூடினால் வெப்பம் குறையும், பிளக்கில் மட்டும் எப்படிக் கூடும்?

பௌதிக டீச்சர்:
நல்ல கேள்வி! ராடுக்கு ஏறக்குறைய முழு வோல்டேஜும் கிடைக்கிறது. அதன் தடை கூடினால் மின்னோட்டம் குறையும், வெப்பமும் குறையும். பிளக் அந்த ராடோடு தொடரில், அதாவது ஒரே மின்னோட்டம் இரண்டிலும் ஓடும்படி, இருக்கிறது. 35 ஓமுக்கு முன்னால் கால் ஓம் கூடினால் மின்னோட்டம் அசையாது. அதே 5.4 ஆம்பியர், 5.4² × 0.25 = 7 வாட், அந்தச் சின்னப் பித்தளைப் பின்னில்.

வாளித்தண்ணீர்:
புரிந்தது என்கிறாள். சாக்கெட் மாற்ற நாளை ஆள் வருகிறார்.