மில்கிராம் சோதனை: பக்கத்தில் ஆள் இருந்தால் கீழ்ப்படிதல் கூடுமா, குறையுமா?

தேர்வுநேரம்:
உளவியலாளர் மில்கிராமின் சோதனையில் "ஆசிரியர்" ஆக உட்காரும் பங்கேற்பாளர், "மாணவர்" தப்பாகச் சொல்லும்போதெல்லாம் ஆய்வாளரின் உத்தரவுப்படி ஏறிக்கொண்டே போகும் மின்அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கணும். அவருடைய 1963 கட்டுரையில் 40 பேரில் 26 பேர், அதாவது 65 சதவீதம், கடைசி சுவிட்சான 450 வோல்ட் வரை போனார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு "ஆசிரியர்களை" உட்கார வைத்தபோது 10 சதவீதம் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. கூட ஆள் இருந்தால் 92.5 சதவீதம் என்கிறது இன்னொன்று. அச்சுப்பிழையா? அப்புறம், வகுப்பில் ஆஷ் கோட்டுச் சோதனையை (கோட்டின் நீளத்தைக் கூட்டம் வேண்டுமென்றே தவறாகச் சொன்னால், விஷயம் தெரியாத ஒருவரும் அப்படியே சொல்கிறாரா என்று பார்ப்பது) செய்து காட்டணும். எத்தனை பேர் வேண்டும்?

கரும்பலகை:
பிழை இல்லை, இரண்டும் சரி. அவை வேறு வேறு ஏற்பாடுகள்.

10 சதவீதம் வந்ததில் மூன்று ஆசிரியர்கள். இருவர் மில்கிராமின் ஆட்கள், அதாவது சொல்லிவைத்தபடி நடிப்பவர்கள். ஒருவர் சொற்களை வாசிப்பார், இன்னொருவர் விடை சரியா தப்பா என்று சொல்வார், சுவிட்ச் மட்டும் நிஜப் பங்கேற்பாளர் கையில். 150 வோல்ட்டில் முதல் ஆள் தொடர மறுத்து எழுந்துவிடுவார், 210-ல் இரண்டாமவர். அதற்குப் பிறகும் கடைசிவரை அழுத்தியவர்கள் 40-க்கு 4 பேர்தான்.

92.5-ல் சுவிட்சை அழுத்துவது மில்கிராமின் ஆள். பங்கேற்பாளருக்குத் துணை வேலை மட்டும். 40-ல் 37 பேர் கடைசிவரை கூட இருந்தார்கள். "ஷாக் கொடுத்தது நான் இல்லையே" என்று ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது. ஆகவே தலையை எண்ணாதீர்கள். பக்கத்து ஆள் மறுக்கிறாரா, சுவிட்ச் யார் கையில் என்று பாருங்கள்.

உத்தரவு போடுகிறவருக்கும் இதே கணக்குதான். அவர் அறையை விட்டுப் போய் போனில் சொன்னபோது கடைசிவரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். இரண்டு ஆய்வாளர்கள் 150 வோல்ட்டில் முரண்பட்டு ஒருவர் "நிறுத்து" என்றபோது 450 வரை போனவர் ஒருவரும் இல்லை. (ஷாக் பொய், அலறல் நடிப்பு. விடைத்தாளில் இதை விட்டுவிடுகிறார்கள்.)

மறுசோதனை:
ஒரு எச்சரிக்கை. "ஒருத்தர் மறுத்தாலே போதும்" என்று எழுதிவிடாதீர்கள். உளவியலாளர் பர்கர் 2009-ல் வெளியிட்ட, மில்கிராம் சோதனையின் மறுசோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தினார். வழக்கமான ஏற்பாட்டில் 70 சதவீதம் பேர் அதற்கு மேலும் தொடரத் தயாராக இருந்தார்கள். சொல்லிவைத்த ஆள் ஒருவர் 90 வோல்ட்டில் மறுத்த பிறகும் 63.3 சதவீதம். புள்ளியியல்படி அது பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. மில்கிராமிடம் இருந்தது இரண்டு பேர். அவர்கள் எழுந்ததும் அலறல் கேட்ட பிறகு.

கரும்பலகை:
ஆஷ் சோதனைக்கு உங்கள் ஆட்கள் ஆறேழு பேர் போதும். ஆஷ் கணக்கில் தவறாகச் சொல்லும் ஆள் ஒருவர் என்றால் பங்கேற்பாளரின் தவறு 3.6 சதவீதம், இருவர் என்றால் 13.6, மூவர் என்றால் 31.8. அதற்கு மேல் கூட்டினாலும் பெரிதாக ஏறாது.

விஷயம் தெரியாதவரைக் கடைசிக்கு முந்தைய நாற்காலியில் உட்கார வையுங்கள். முதலில் உட்கார்ந்தால் யாரையும் கேட்காமலே சொல்லிவிடுவார். கோடுகளின் நீள வித்தியாசம் கண்ணுக்குப் பட்டென்று தெரியணும்; நெருக்கமாக வரைந்தால் பார்வைக் குழப்பமா, கூட்டத்துக்குப் பணிந்ததா என்று பிரிக்க முடியாது. முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் சரியாகச் சொல்லட்டும். ஆஷ் வைத்த 18 சுற்றில் 12-ல்தான் கூட்டம் தவறாகச் சொன்னது. பெரும்பாலும் சொதப்புவது உங்கள் ஆள் சிரித்துவிடுவதால்தான், ஒத்திகை பாருங்கள். முடிந்தவுடன், மற்றவர்கள் முன்னால் இல்லாமல், உண்மையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தேர்வுநேரம்:
இதில் நம் ஆட்களில் ஒருவர் மட்டும் சரியாகச் சொன்னால்?

மறுசோதனை:
தவறு ஏறக்குறைய கால்வாசியாக இறங்கும். ஆஷில் ஒரு துணை போதும், ஏனென்றால் அங்கே உத்தரவு போட ஆள் இல்லை. நேரம் இருந்தால் அதையும் ஒரு சுற்றாகச் செய்யுங்கள்.