புதுப்பிப்பு: அக்காவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று
அக்காவின் மூளைக்குப் போகும் வெர்டிபிரல் தமனியில் உட்சுவர் கிழிந்து புடைத்திருக்கிறது, குழாயையே அடைப்பார்களா, ஸ்டென்ட் (குழாய்க்குள் பொருத்தும் வலைக்குழாய்) வைப்பார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். ஸ்டென்ட்தான்.

ஆஞ்சியோகிராமில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் எக்ஸ்-ரே படம்) எதிர்ப்பக்கத் தமனி மெலிந்திருந்தது. சிறுமூளைக்குப் போகும் கிளையும் புடைப்பிலிருந்தே பிரிகிறது. காயில் (coil) எனும் உலோகச் சுருள் வைத்துத் தமனியை அடைத்தால், ரத்தம் போதாமல் பக்கவாதம் வரலாம். அதனால் தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, ஃப்ளோ டைவர்ட்டரை, அதாவது ரத்தம் புடைப்புக்குள் பாய்வதைக் குறைக்கும் நெருக்கமாகப் பின்னிய ஸ்டென்ட்டைப் பொருத்தினார்கள். புடைப்பு உடனே மறையாது. உள்ளே ரத்தம் தேங்கி உறைந்து, வலைமேல் புதிய உட்சுவர் வளர மாதக்கணக்கில் ஆகும். இந்த ஸ்டென்ட் வைத்தவர்கள், அதில் ரத்தம் உறைந்து அடைக்காமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாத்திரைகள் இரண்டையும் டாக்டர் சொல்லாமல் ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள், தயவுசெய்து!

புடைப்பு வெடித்தவர்களுக்கு இந்த மாத்திரைகளே ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் அவர்களுக்குக் கணக்கு வேறு. அக்கா நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார். 6 மாதத்தில் மறுபடி ஆஞ்சியோகிராம்.