152184-ஐ வகுத்துப் பார்த்த அனுபவம்

சாட்ஸ்வர்த் ஆயா: 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த நம்மவர்களின் மொத்தக் கணக்கு 152184. சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய எண்தான், ஆனால் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. போன வாரம் பேரன் பகாக் காரணிப் பாடத்துக்கு ஒரு பெரிய எண் கேட்டான். வாயில் இதுதான் வந்தது.

மூன்று முறை 2-ஆல் வகுத்தோம், 19023. இலக்கங்களைக் கூட்டினால் 15, அதனால் 3-உம் போகும். வந்தது 6341. இங்கேதான் மாட்டிக்கொண்டோம். 7-ஆல் வகுத்தால் மீதி 6, 11-இல் மீதி 5, 13-இல் மீதி 10. பையன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "இன்னும் ஒன்றே ஒன்று பார்ப்போம்டா" என்றேன். 17-இல் மீதியே இல்லை! ஈவு 373. அது பகா எண். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் 373. ஓரத்து இலக்கம் ஒன்றை எடுத்தால் 73 அல்லது 37, இரண்டும் பகா எண்களே. இத்தனை வருஷம் இது அந்த எண்ணுக்குள் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டொங்காட் வாத்தியார்: அம்மா, இது மிகையெண்ணும்கூட. 152184-க்கு 32 வகுத்திகள். அதை விட்டுவிட்டு மற்ற 31-ஐயும் கூட்டினால் 251736, எண்ணைவிட எவ்வளவோ அதிகம். கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக வந்தால் நிறைவெண், குறைந்தால் குறைவெண். 6-உம் 28-உம் நிறைவெண்கள். நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. 8, 17, 373 மூன்றையும் தனித்தனியே எழுதலாம் (373 என்பது 7-இன் வர்க்கமும் 18-இன் வர்க்கமும் சேர்ந்தது). ஒற்றையாக நிற்கும் அந்த 3 தடுத்துவிடுகிறது.

என் அனுபவம் சின்ன எண்ணோடு. 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த முதல் கப்பல் ட்ரூரோவில் 342 பேர். வகுப்பில் பிள்ளைகளிடம் 342 சுகர் பீன்ஸ் கொடுத்துச் செவ்வகமாக அடுக்கச் சொன்னேன். ஒரு பெண் வரிசைக்கு 19 வைத்தாள், சரியாக 18 வரிசை. அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கல்! சதுரத்துக்கு ஒரே ஒரு வரிசைதான் குறைவு. இன்னொன்று, இலக்கங்களைக் கூட்டினால் 9, அந்த 9-ஆலேயே 342 வகுபடும். 152184-க்கு அது அமையவில்லை. கூட்டினால் 21 வரும், 21-இல் இருக்கும் 7 அதில் போகாது.

சாட்ஸ்வர்த் ஆயா: வாத்தியார் ஐயா, படித்ததும் அலமாரியைத் திறந்து எங்கள் தாத்தாவின் ஒப்பந்தச் சீட்டை எடுத்தேன். அவருக்குக் கொடுத்த எண் ஐந்து இலக்கம், கடைசியில் 3. அதனால் 2-உம் 5-உம் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 20, 3-உம் போகாது. பேரன் பள்ளிவிட்டு வந்ததும் 7-லிருந்து ஆரம்பிக்கிறோம்.