டெல்லியில் திங்கட்கிழமை இடிக்கிறது, வழி சொல்லுங்கள்

டிசம்பர் கடைசி வாரம் அம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போகிறேன். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஞாயிறு காலை இறங்குகிறோம். செவ்வாய் இரவு திரும்பும் ரயில். டிக்கெட் உறுதியாகிவிட்டது, மாற்ற முடியாது. தங்குவது கரோல் பாக்.

அம்மா கேட்பது செங்கோட்டையும் அக்ஷர்தாம் கோயிலும். இரண்டுக்குமே திங்கள் விடுமுறை. அவருக்கு வயது 68, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும். படி என்றால் கைப்பிடி இல்லாமல் முடியாது. அதனால் ஒரே நாளில் இரண்டையும் வைக்க மனம் வரவில்லை. பனிமூட்டத்தில் ரயில் தாமதமானால் ஞாயிறு பாதி போய்விடும்.

ஒருநாள் சுற்றுலா பேருந்து விசாரித்தேன். இடத்துக்கு அரை மணி நேரம்தான், ஓட்டமாக ஓட வேண்டும். கார்க்காரர் ஒருவர் திங்களன்றே எல்லாம் காட்டுகிறேன் என்றார், விடுமுறை என்றதும் பேச்சு மாறியது. சரி, மெட்ரோவே நல்லது என்று முடிவு செய்தேன். அக்ஷர்தாமுக்கு நீலப் பாதையில் நொய்டா பக்கம் போகும் வண்டி, செங்கோட்டைக்கு மண்டி ஹவுஸில் மாற வேண்டும். திங்களுக்கு குதுப் மினார் வைத்திருக்கிறேன், அது தினமும் திறந்திருக்கும்.

மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: ஞாயிறு மதியத்துக்கு மேல் எதை வைப்பது, செங்கோட்டையா அக்ஷர்தாமா?