பேர் விழாத பயிற்சிக்கு யார் வருவார்கள்?

அட்டன்_ஆபிஸ்:
எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மாதத்தில் ஒரு ஞாயிறு தரக் கட்டுப்பாட்டுப் பயிற்சி வைக்கிறோம். கட்டாயமில்லை, பேரும் விழாது, அதாவது சம்பள நாளாகக் கணக்கில் சேராது. சிலர் விடாமல் வருகிறார்கள், பலர் எட்டியும் பார்ப்பதில்லை. ஆர்வம் இருந்தால் வருவார்கள், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

பதுளை_அக்கா:
அவ்வளவுதானா? ஞாயிறன்று துணி துவைப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார்? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவமும் அன்றைக்குப் பூட்டு. அதைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லுங்கள் தம்பி.

ஸ்டோர்_மச்சான்:
வருகிற பாதிப் பேர் தோட்ட மேலாளரான துரை கண்ணில் படத்தான் வருகிறார்கள். இதற்குப் போய் ஆர்வம் என்று பெயரா?

தலவாக்கலையான்:
உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964இல் எழுதிய எதிர்பார்ப்புக் கோட்பாடு இங்கே பொருந்தும். முயன்றால் என்னால் முடியுமா, முடித்தால் பலன் வருமா, அந்தப் பலன் எனக்கு வேண்டியதா என்று மூன்று கேள்வி. மூன்றையும் பெருக்க வேண்டும், ஒன்று பூச்சியமானால் எல்லாமே பூச்சியம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தபோது, பயிற்சி எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் அதே 1,350தானே? இரண்டாவது கேள்வி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அட்டன்_ஆபிஸ்:
அப்படியானால் எங்கள் பெரியவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? கொழுந்து வாட்டுகிற இடத்தில் பல வருடமாக நிற்கிறார். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடிப்பார், விட்டதும் உருண்டை மெதுவாக அவிழ்ந்தால் வாட்டம் சரி என்பார். பயிற்சியில் ஈரப்பதமானியை வைத்து அதையே எண்ணாகக் காட்டினார்கள். அன்றிலிருந்து முதல் வரிசையில் அவர்தான். சம்பளம் ஒரு சதம் கூடவில்லை.

பதுளை_அக்கா:
அவருடைய பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். கைக்குழந்தை உள்ளவளோடு அவரை ஒப்பிடாதீர்கள்.

தலவாக்கலையான்:
பெரியவர் போல ஆட்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்ப்பது சோம்பல். வேலை அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் இருக்கிறது. பயிற்சியை அதோடு இணையுங்கள், கூட்டம் தானாக வரும்.

ஸ்டோர்_மச்சான்:
வரும். அடுத்த மாதம் அந்தச் சான்றிதழோடு கொழும்புக்குப் பஸ் ஏறும். அந்தப் பயத்தில்தான் கொம்பனிகள் வெறும் ஹாஜர் (வருகைப் பதிவு) தாளோடு நிறுத்திக்கொள்கின்றன.

பதுளை_அக்கா:
போகட்டுமே. இருக்கிறவர்களுக்காவது வார நாளில் வைத்துப் பேர் போடுங்கள்.

அட்டன்_ஆபிஸ்:
சரி, அடுத்ததைப் புதன்கிழமை வைக்கலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன். அன்றைக்குக் கொழுந்து யார் எடுப்பது என்றுதான் துரை முதலில் கேட்பார்.