மட்டக்களப்பு, கல்லடியில் பழைய வீடு: அட்வான்ஸ் குடுக்க முன் என்னென்ன பார்க்கணும்?

பூவரசமரத்தடி:
கடற்கரையில இருந்து ஒரு 400 மீற்றர் உள்ளுக்கு, 10 பேர்ச் (ஏறக்குறைய 2,700 சதுர அடி) வளவோட வீடு ஒண்டு பார்த்திருக்கிறம். கூரை முன்பக்கம் கொங்கிறீட் சிலாப், பின்பக்கம் ஓடு. கட்டி 30 வருஷத்துக்கு மேல. உள்ளும் புறமும் புதுசா பெயின்ற் அடிச்சிருக்கு. வங்கியில இருந்து வந்து வலுவேஷன் எடுத்திட்டாங்க. அதுக்குப் பிறகும் வேற ஆள் வச்சுப் பார்க்கணுமா? நாங்களே பார்க்கக்கூடியது என்ன?

மட்டப்பலகை:
கட்டாயம் பார்க்கணும். வங்கிக்குத் தேவை, குடுக்கிற கடனுக்கு அந்த ஆதனம் பெறுமா எண்ட கணக்கு மட்டும்தான். சிலாப்பைத் தட்டிப் பார்க்கிறது அவங்கட வேலை இல்ல. ஒரு சிவில் இஞ்சினியரையோ அனுபவமான ரீ.ஓ.வையோ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) கூட்டிப் போங்க.

கடலோர வீட்டில முதல் பயம் கொங்கிறீட்டுக்குள்ள கம்பியில பிடிக்கிற கறள்தான். உப்புக் காத்து ஒரு பக்கம். கழுவாத கடல் மணலில கொங்கிறீட் போட்டிருந்தா உப்பு உள்ளுக்கே இருக்கும். கறள் பிடிச்ச கம்பி ஊதிப் பருத்து, அடிக் கொங்கிறீட்டை உடைச்சுத் தள்ளும். போர்ட்டிகோ, சன்சேட், குளியலறைச் சிலாப்பின் அடிப்பக்கத்தில டோர்ச்சை ஒட்டிச் சாய்ச்சு அடிங்க. பூசி மறைச்ச ஒட்டு நிழல் விழுந்து காட்டிக் குடுத்திரும். பிறகு சுத்தியல் பிடியால தட்டுங்க. நல்ல இடம் ‘கிண்’ எண்டும், பிரிஞ்ச இடம் ‘டொப்’ எண்டும். அடிப்பக்கத்தில வெடிப்பு நேர்கோடா, 6 அங்குலத்துக்கு ஒண்டா ஓடினா அது கம்பி போற வழி.

சுவர் வெடிப்பு எல்லாத்துக்கும் பயப்படத் தேவையில்ல. வலை மாதிரி மயிரிழை வெடிப்பு, பூச்சு காய்ஞ்சது. சிலாப்பும் சுவரும் சேருற இடத்தில படுக்கையா ஓடுறது பெரும்பாலும் வெயில் சூட்டில சிலாப் நீண்டு சுருங்கிறதால. யன்னல் மூலையில இருந்து சாய்வா, படிக்கட்டு மாதிரிக் கல்லு இணைப்பு வழியா இறங்கினாத்தான் அத்திவாரம் தாழ்ந்திருக்கு எண்டு சந்தேகப்படணும்.

பின்பக்கம் கூரைக்குள்ள ஏறிப் பாருங்க. கைமரம் சுவரில இருக்கிற நுனியை ஸ்குரூ டிரைவரால குத்துங்க. புதைஞ்சா கறையானோ உக்கலோ இருக்கு.

இதெல்லாம் கார்த்திகை மார்கழி மழைக்குள்ள பார்த்தா நல்லம். ஆடி வெயில்ல ஒழுகிற வீடே இல்ல. புதுப் பெயின்ற் எண்டா அலுமாரிக்குப் பின்னால, கதவு நிலையின் அடிக்காலில பாருங்க. வெள்ளம் நிண்ட கோடு அங்கதான் மிஞ்சும்.

மூண்டுபேஸ்:
கரண்ட் பக்கம்: ட்ரிப் சுவிட்ச்சில (கரண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டிற சுவிட்ச்) 30 மில்லி அம்பியர் எண்டு இருக்கா பாருங்க, அதில TEST எண்டு இருக்கிற பட்டனை அமத்துங்க. உடனே விழணும். விழாட்டி அது அலங்காரத்துக்கு. எர்த் கம்பியைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் உப்புக் காத்தில தின்னுப்பட்டுப் போகும், காய்ஞ்ச மணலில எர்த்தும் சரியா பிடிக்காது. அதனால மீற்றர் வச்சு அளக்கச் சொல்லுங்க. 13 அம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் வேணும். லைட்டுக்கு ஓடின 1 சதுர மில்லிமீற்றர் வயரிலயே பிளக்கையும் கொழுவி இருந்தா வயரிங்கை மாத்துற செலவையும் விலையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வாவிக்கரை:
கிணத்தை விட்டிட்டீங்க. நம்ம பக்கம் நிலத்தடித் தண்ணி மேலாலதான், மணலும் மலக்குழித் தண்ணியைச் சும்மா வடிய விட்டிரும். கிணத்துக்கும் மலக்குழிக்கும் இடையில அளவு நாடா பிடிங்க. 60 அடியாவது வேணும். பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து அளக்கணும், 10 பேர்ச்சில இதுதான் இடிக்கும். கிணத்துத் தண்ணியில ஈ கோலை (மலத்தில இருந்து வாற கிருமி) ஒண்டும் இருக்கக் கூடாது, நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குழி மூடியைத் திறந்து வச்சிட்டு 10 வாளி தண்ணி ஊத்துங்க. மட்டம் இறங்காம நிண்டா மாரியில டொயிலட் பாவிக்க ஏலாது.

உறுதியில தாய்க்கோ தகப்பனுக்கோ சீவிய உரித்து (சாகும்வரை அனுபவிக்கிற உரிமை) ஒதுக்கி இருக்கா பாருங்க. சீதன வீடுகளில கனக்க இருக்கும். அவங்களும் கையெழுத்து வைக்கணும். காணிப் பதிவகத்தில 30 வருஷத்துக்குத் தேடச் சொல்லுங்க.

பூவரசமரத்தடி:
நேத்துத் தட்டிப் பார்த்தம். போர்ட்டிகோவில ரெண்டு இடம் ‘டொப்’ எண்டுது, உள்ளங்கை அளவு. வாங்கலாமா?

மட்டப்பலகை:
போர்ட்டிகோவோட நிண்டா வாங்கலாம். விக்கிறவரைக் கேட்டு ஒரு இடத்தில உளியால உடைச்சு, கம்பியைக் கம்பித் தூரிகையால தேய்ச்சு அளந்து பாருங்க. 10 மில்லிமீற்றர் கம்பி 7க்கு வந்திருந்தா பாதிப் பலம்தான் மிச்சம், அப்ப அந்தச் சிலாப்பை இடிச்சுப் போடுற செலவை விலையில கழிக்கணும். 9க்குக் குறையாட்டி, கறள் முடியிற இடம் வரைக்கும் உடைச்சுச் சுத்தம் பண்ணி, கறள் தடுப்பு அடிச்சு, ரிப்பேர் மோர்ட்டர் வைக்கலாம். வெறும் சீமெந்துப் பூச்சால மூட விடாதீங்க. வீட்டுக்குள்ள சிலாப்பில ஒரு இடமாவது அப்பிடிச் சத்தம் கேட்டா அட்வான்ஸை நிப்பாட்டி வச்சிட்டு இஞ்சினியரை வரச் சொல்லுங்க.