மறு: ஆல்பம் கவருக்குத் தமிழில் என்ன சொல்? (திங்களுக்குள் வேண்டும்)

அன்பர்களே, டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்குக் கையேடு எழுதுகிறேன். பயிற்சி: ஒரு பறைக் கலைஞரின் முதல் ஆல்பத்துக்குக் கவர். 3000க்கு 3000 பிக்சல் சதுரம். கைபேசியில் நகத்தளவு சுருங்கினாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும். 'இசைத்தொகுப்பு உறை' என்று போட்டேன். "தலையணை உறை மாதிரியா சார்?" என்கிறார் ஒரு மாணவி. திங்களன்று அச்சு.
— அரியாங்குப்பம் ஆசிரியர்

ஐயா, உறைக்கு என்ன குறை? வாளுக்கு உறை, பாலுக்கு உறை, கீழடியில் உறைகிணறு. குறள் 680இல் 'உறைசிறியார்' என்னும்போது அது வாழும் இடம். இசை உறைவது உறை!
— மஞ்சக்குப்பம் புலவர், கடலூர்

ஐயா, உறை காப்பதற்கு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டுகளைப் போட்டோ ஆல்பம் போலத் தைத்த தாள்பைகளில் வைத்தார்கள். ஆல்பம் என்ற பேரே அப்படி வந்ததுதான். மேலட்டை பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். 1940 வாக்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற டிசைனர் அதில் படம் போட ஆரம்பித்தார். 1948இல் நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்து 12 அங்குலத் தட்டுக்கேற்ற சதுரம் நிலைத்தது. இப்போது தட்டும் போச்சு, உறையும் போச்சு, படம்தான் மிச்சம். ஆகவே 'முகப்புப்படம்'.

இன்னொன்று: பிள்ளைகள் உடனே கலைஞரின் போட்டோவை ஒட்டுவார்கள், விடாதீர்கள். நம்மூர் சினிமாத் தட்டுகளில் நடிகர் முகத்தைப் பார்த்துப் பழகிய கண். பறைக்குக் குட்டையாய்த் தடித்த அடிக்குச்சி, நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. வெறும் பரப்பில் அந்த இரண்டு கோடு போதும், ஆள் தெரிந்துவிடுவார்.
— முத்தியால்பேட்டை டிசைனர்

முகம் வடசொல் இல்லையோ?
— நெல்லிக்குப்பம்

முகை, முகிழ், முகம் எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. இதை எத்தனை முறை எழுதுவது! ஆனால் 'முகப்புப்படப் பயிற்சி' என்று வெற்றிலை போட்ட வாயால் சொல்லிப் பாருங்கள். 'முகபடாம்' இருக்கிறதே! யானை நெற்றியில் சாத்துவது. குறள் 1087இல் யானையின் கண்ணை மறைக்கும் 'கட்படாம்'. புறம் 141இல் பேகன் மயிலுக்குத் தந்ததும் 'படாஅம்'. மூடவும் செய்யும், இன்ன கோயில் யானை என்று காட்டவும் செய்யும்.
— புலவர்

ஐயா, மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022இல் போனபிறகு, எங்கள் தெருக் குழந்தைகளுக்கு யானையைக் காட்டவே வழியில்லை. முகபடாமை எங்கே காட்ட? முகப்புப்படம் என்றாலோ பேஸ்புக்கில் வைப்பது என்பார்கள். வார இதழ் படித்தவர்களுக்கெல்லாம் 'அட்டைப்படம்' தெரியும். அது போதாதா?
— வில்லியனூர்

அட்டையே இல்லாததற்கு அட்டைப்படமா, அக்கா?
— முத்தியால்பேட்டை

ஆகுபெயர் படித்தவர்கள்தானே நாம், தம்பி.
— வில்லியனூர்

ஞாயிறு இரவாகிவிட்டது. வில்லியனூர், நெல்லிக்குப்பம், அடியேன் மூவரும் ஒரு பக்கம். 'அட்டைப்படம்' என்றே அனுப்பிவிட்டேன். குச்சி யோசனையையும் சேர்த்துக்கொண்டேன், நன்றி.
— அரியாங்குப்பம்

சரி. முகபடாமை நான் கைவிடவில்லை; அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம். அப்புறம், தட்டின் நடுவே வட்டமாக ஒட்டியிருக்குமே ஒரு தாள், அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?
— புலவர்